முதல் முட்டையை இட்டுவிட்டு வல்லூறு ஏன் விலகி நிற்கிறது?

கேள்வி இது: "நகரத்துக் கோபுரம் ஒன்றில் கூடு வைத்திருக்கும் பொரி வல்லூறை நேரலை கேமராவில் பார்த்து வருகிறேன். இரண்டு நாளைக்கு முன் முதல் முட்டை இட்டது. அதன்மேல் உட்காராமல் ஓரமாகப் போய் நிற்கிறது. ராத்திரி முழுக்க முட்டை தனியாகக் கிடக்கிறது. கெட்டுப்போகாதா? யாரிடமாவது சொல்ல வேண்டுமா? அதோடு, இப்படிக் கேமரா வைத்துப் பார்ப்பதே அதற்குத் தொந்தரவு இல்லையா?"

முட்டை கெடாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியை நிதானமாகப் படிக்கலாம்.

கோழி வளர்த்தவர்களுக்கு விஷயம் சட்டென்று பிடிபடும். கோழி ஒவ்வொன்றாக இட்டுக்கொண்டே போகும், ஈடு முடிகிறவரை அடையில் உட்காராது. அதனால்தான் குஞ்சுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நாளில் பொரிகின்றன. வல்லூறும் இதே கணக்கைத்தான் போடுகிறது. ஓர் ஈட்டுக்குப் பெரும்பாலும் 3 அல்லது 4 முட்டை, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே 2 முதல் 3 நாள். நான்கு முட்டை முடிய ஒரு வாரம் பிடிக்கும். முதல் முட்டைக்கே சூடு கொடுக்க ஆரம்பித்தால் மூத்த குஞ்சு ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிடும். வல்லூறுக் குஞ்சு ஒரு வாரத்துக்குள் தன் எடையைப்போல இரண்டு மடங்காகும். அப்படிப்பட்ட அண்ணனோடு முண்டியடித்து இரை வாங்க நேற்றுப் பொரிந்த தம்பியால் முடியுமா? ஆகவே கடைசிக்கு முந்திய முட்டை வந்த பிறகுதான் தாய் முழு அடையில் இறங்கும். அதுவரை முட்டைக்குள் கரு வளர ஆரம்பிக்காமல் காத்துக் கிடக்கும். வெளிக்குளிர் அதை ஒன்றும் செய்யாது. உறைந்துபோனால்தான் ஆபத்து. அப்படிப்பட்ட இரவிலும் மழையிலும் தாய் வந்து மேலோட்டமாகக் குந்தி மூடிக்கொள்வதைப் பார்ப்பீர்கள். அதை அடை என்று நினைத்து அன்றிலிருந்து நாள் எண்ணத் தொடங்கிவிடாதீர்கள். நானும் முதல் வருடம் அப்படித்தான் எண்ணினேன். ஆறு நாள் முன்னதாகவே தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உண்மையான அடைக்கு ஓர் அடையாளம் உண்டு. பறவையின் வயிற்றில் இறகு இல்லாத வெற்றுத்தோல் பகுதி இருக்கும், அதுதான் முட்டையைத் தொட வேண்டும். அதற்காக உட்காரும்போது வயிற்று இறகுகளை விலக்கி, இடமும் வலமும் ஆடி ஆடி, முட்டைகளைத் தனக்கடியில் பொருத்திக்கொள்ளும். முட்டையை நெருங்கி நடக்கும்போது கால் விரல்களைக் கவனியுங்கள். கூர்நகம் ஓட்டில் படாதபடி கையை முட்டி பிடிப்பதுபோல மடக்கிக்கொண்டு, மணிக்கட்டில் நடப்பதுபோல் தத்தித் தத்தி வரும். மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் பாய்ந்து பறவைகளை வானத்திலேயே அடித்து வீழ்த்துகிற கால் அது.

ஆணும் அடைகாக்கும். ராத்திரி பெரும்பாலும் தாய்தான் இருக்கும், பகலில் முறை மாறும். ஆண் உடலளவில் பெண்ணைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சிறியது. நான்கு முட்டையையும் மூட முடியாமல் அது படும் பாடு தனி வேடிக்கை. ஒன்றை உள்ளே தள்ளினால் மறுபக்கம் ஒன்று எட்டிப் பார்க்கும். சில சமயம் பெண் திரும்பி வந்து நின்றாலும் ஆண் எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருக்கும். பெண் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்து ஏறக்குறைய இடித்தே எழுப்பும்.

கோபுரத்தில் அதற்கென்று வைத்த கூட்டுப் பெட்டியில் குச்சியோ புல்லோ இல்லையே, இது என்ன கூடு என்று புதிதாகப் பார்ப்பவர்கள் கேட்பதுண்டு. வல்லூறு கூடு கட்டாது. செங்குத்துப் பாறையின் விளிம்பில் மார்பை அழுத்திக் கால்களால் பின்னோக்கிப் பறித்து ஆழமில்லாத ஒரு குழி செய்யும், அவ்வளவுதான். அதன் கண்ணுக்கு உயரமான கட்டடமும் ஒரு பாறைதான், கீழே புறாக்கள் நிறைந்த பாறை. கட்டடத்தில் இல்லாதது ஒன்றே ஒன்று, குழி பறிக்க மண். வெறும் கற்பலகையில் முட்டை உருண்டு போகும், மழைநீர் தேங்கினால் குளிர்ந்து போகும். மான்ட்ரியால் நகரின் சன் லைஃப் கட்டடத்துக்கு வந்த ஜோடிக்கு மரத்தட்டில் சரளை பரப்பி வைத்துக் கொடுத்த பிறகுதான் குஞ்சுகள் தேறின. அது 1940-களின் கதை. இன்று நீங்கள் பார்க்கும் பெட்டியில் கிடக்கும் பொடிச் சரளைக்கும் அதே வேலைதான்.

அந்த மான்ட்ரியால் ஜோடிக்குப் பிறகு வந்த காலம் மோசமானது. டி.டி.டி. பூச்சிக்கொல்லி பூச்சியிலிருந்து சிறு பறவைக்கும், சிறு பறவையிலிருந்து வல்லூறுக்கும் ஏறி, அதன் உடலில் சேர்ந்து முட்டை ஓட்டை மெலிய வைத்தது. அடையில் உட்கார்ந்த தாயின் எடையிலேயே முட்டைகள் நொறுங்கின. 1960-களின் நடுவில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் குஞ்சு பொரிக்கும் பொரி வல்லூறு ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1972-இல் அங்கே டி.டி.டி. தடை செய்யப்பட்டது. கூண்டில் வளர்த்து 4,000-க்கும் மேற்பட்ட பறவைகளைத் திரும்ப விட்டார்கள். அதில் ஒரு பகுதி நகரக் கட்டடங்களிலிருந்தே விடப்பட்டது. பாறைகளில் விட்ட இளம் பறவைகளைக் கொம்பன் ஆந்தைகள் அடித்துத் தின்றது அதற்கு ஒரு காரணம். 1999-இல் அருகிவரும் உயிரினங்களின் பட்டியலிலிருந்து அது எடுக்கப்பட்டது. பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்க்கில் ஒரு அரசு அலுவலகக் கட்டடத்தின் 15-ஆம் மாடி விளிம்பில் பொரி வல்லூறுகள் வருகின்றன, அங்கே நேரலையும் உண்டு. கட்டடத்தின் பெயர் ரேச்சல் கார்சன். டி.டி.டி.யின் கேட்டை 1962-இல் உலகுக்கு உரக்கச் சொன்னவர் அவர்தான். அந்த விளிம்பில் முட்டை ஒன்று உடையாமல் கிடப்பதைப் பார்க்கும்போது எனக்கு மற்ற நேரலைகளில் வராத ஒரு மகிழ்ச்சி வரும்.

உங்கள் கேள்விக்குத் திரும்புகிறேன். உங்களுக்கு வந்த பதற்றம் முதலாவதுதான், இன்னும் நான்கைந்து வரும். எல்லாவற்றுக்கும் வேர் ஒன்று. கேமரா காட்டுவது ஒரு பெட்டியை மட்டும். பறவை வாழ்வது அந்தக் கோபுரத்தையும் அதைச் சுற்றிய வானத்தையும் சேர்த்து. தாய் படத்தில் இல்லை என்றால் கூட்டை விட்டுப் போய்விட்டது என்று நமக்குத் தோன்றுகிறது. அது பத்தடி தள்ளிக் கைப்பிடிச் சுவரில் நின்றபடி முட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அடுத்த பதற்றம் பொரிக்கும் நாளில் வரும். ஓட்டில் சிறு விரிசல் விழுந்ததும் அரைமணியில் குஞ்சு வெளியே வந்துவிடும் என்று காத்திருப்போம். இரண்டு நாள்கூட ஆகும். குஞ்சின் அலகு நுனியில் வெள்ளையாக ஒரு முள் இருக்கும், முட்டைப் பல் என்பார்கள். அதை வைத்துக் கொஞ்சம் கொத்தும், நெடுநேரம் ஓய்வெடுக்கும். தாய் உதவாது, உதவவும் கூடாது. பொரிந்த பிறகு பல மணி நேரம் ஊட்டாமல் இருப்பதைப் பார்த்து அடுத்த கலக்கம். முட்டையின் மஞ்சள் கருவில் மிச்சம் இருந்தது குஞ்சின் வயிற்றுக்குள் போயிருக்கிறது, அதுவே சிறிது நேரம் தாங்கும்.

பிறகு பத்து நாள், பன்னிரண்டு நாள் ஆனதும் தாய் மேலே உட்காருவதைக் குறைத்துவிடும். வெள்ளைப் பஞ்சு உருண்டைகள் நான்கும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து குவிந்து கிடக்கும். பெட்டியில் பெரியவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். அந்த வயதில் குஞ்சுக்குத் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் திறன் வந்துவிடுகிறது. இரையும் இரண்டு மடங்கு தேவைப்படுகிறது, ஆண் ஒன்றே வேட்டையாடிக் கட்டாது. மூன்று வாரத்தில் பிறந்த எடையைப்போல பத்து மடங்கு என்றால் சும்மாவா? குஞ்சின் கழுத்துக்குக் கீழே இரைப்பை கோலிக்குண்டு போலப் புடைத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். புடைத்திருந்தால் சாப்பாடு ஆகிவிட்டது.

கடைசிக் கலக்கம் ஐந்தாவது வாரத்துக்குப் பின்னால். காலையில் நான்கு, மதியம் மூன்று. நான்காவது குஞ்சு படத்தின் ஓரத்தைத் தாண்டி விளிம்பில் நடந்து போயிருக்கும், பெரும்பாலும் திரும்பியும் வரும். ஏறத்தாழ 40 நாளில் பறக்கும். ஆண் குஞ்சுகள் எடை குறைவு என்பதால் இரண்டொரு நாள் முந்தும். இந்த ஒரு கட்டத்தில் மட்டும் பயம் நியாயமானது. கண்ணாடிச் சுவரில் மோதுவது, காற்றில் தடுமாறித் தெருவில் இறங்குவது இரண்டும் நடக்கும். அதனால்தான் பல நகரங்களில் தன்னார்வலர்கள் அந்த நாட்களில் கீழே நின்று காவல் பார்க்கிறார்கள். கேமராவால் அங்கே ஒன்றும் செய்ய முடியாது.

இத்தனையும் நல்லபடியாக நடக்கிற கதை. நல்லபடியாக நடக்காததையும் நேரலை காட்டும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். கூமுட்டை ஒன்றை நாற்பது நாளுக்கு மேல் விடாமல் அடைகாப்பதைப் பார்க்க நேரும். இளைய குஞ்சு மெலிந்து சாகலாம், செத்ததைத் தாய் பிய்த்து மற்றக் குஞ்சுகளுக்கே ஊட்டலாம். அந்நியப் பெண் பறவை வந்து சண்டை போட்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளலாம். ஜோடி மாறுவது நாம் நினைப்பதைவிட வேகமாக நடக்கும். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மணிக்கோபுரத்தில் ஆனி என்ற பெண்ணும் கிரின்னல் என்ற ஆணும் பல வருடம் சேர்ந்து குஞ்சு வளர்த்தன. 2022 மார்ச் 31 அன்று பெர்க்லி நகரத் தெரு ஒன்றில் கிரின்னல் செத்துக் கிடந்தது, வாகனம் மோதியிருக்கலாம். கூட்டில் அப்போது முட்டைகள் இருந்தன. அன்றே இன்னொரு ஆண் வந்துவிட்டது, தன்னுடையதல்லாத முட்டைகளின்மேல் உட்காரவும் செய்தது. ஆல்டன் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். துக்கம், விசுவாசம், மறுமணம் என்று நம் சொற்களைக் கொண்டுபோய் அதன்மேல் போர்த்தினால் கண்முன் நடப்பது மறைந்துவிடும். பறவைகளுக்குப் பெயர் வைப்பதை நான் எதிர்க்கவில்லை, அடையாளம் சொல்ல அது வசதி. பெயரோடு சேர்த்து ஒரு குணச்சித்திரமும் எழுதிவிடுவதில்தான் வம்பு.

யாரிடமாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டீர்கள். பெரும்பாலான கேமராக்காரர்களின் விதி ஒன்றுதான்: இயற்கையாக நடப்பதில் கை வைப்பதில்லை, மனிதரால் வந்த கேடு என்றால் யோசிப்போம். கேட்க எளிது, கடைப்பிடிக்கக் கஷ்டம். 2011-இல் நியூயார்க்கில் வாஷிங்டன் சதுக்கத்தைப் பார்த்த பல்கலைக்கழக நூலகத்தின் 12-ஆம் மாடி ஜன்னல் விளிம்பில் வயலெட், பாபி என்ற செவ்வால் பருந்து ஜோடி கூடு வைத்தது. ஆராய்ச்சிக்காக எப்போதோ மாட்டிய வளையம் வயலெட்டின் காலை இறுக்கி வீங்க வைத்திருந்ததை நேரலையில் எல்லோரும் பார்த்தார்கள். வளையம் மனிதர் மாட்டியது, ஆகவே அதிகாரிகள் நிபுணர்களோடு போய்ப் பார்த்தார்கள். பிடிக்கப் போனால் தாய் மிரண்டு, குஞ்சும் போய்விடலாம் என்று கடைசியில் விட்டுவிட்டார்கள். குஞ்சு வளர்ந்து பறந்தது. வயலெட் அந்த டிசம்பரில் இறந்தது.

மூன்று வருடம் கழித்து மின்னசோட்டாவில் மாநில இயற்கை வளத்துறையின் நேரலையில் ஒரு வெண்தலைக் கழுகுக் குஞ்சு அசையாமல் கிடந்தது. தலையிடுவதில்லை என்று முதலில் சொன்ன துறை, பார்வையாளர்களின் கூக்குரலுக்குப் பிறகு குஞ்சை இறக்கியது. இறக்கை எலும்பு மோசமாக முறிந்து சீழ் பிடித்திருந்தது, கருணைக்கொலைதான் செய்ய முடிந்தது. இரண்டில் எது சரி? முதலாவதில் காத்திருந்ததால் ஒரு குஞ்சு பிழைத்தது, இரண்டாவதில் வேதனை கொஞ்சம் சீக்கிரம் முடிந்தது. கூட்டுக்கு ஆள் ஏறுவதால் மற்றக் குஞ்சுகள் மிரண்டு விளிம்பிலிருந்து குதித்துவிடக்கூடிய கட்டத்தில் யாரும் ஏறக் கூடாது என்பதில் மட்டும் எனக்கு உறுதி உண்டு. மற்றபடி ஒவ்வொன்றும் அந்தந்தக் கூட்டைப் பொறுத்தது.

ஆக, நீங்கள் சொல்ல வேண்டியவை இவைதான்: காலில் நூலோ தூண்டில் நரம்போ சுற்றியிருப்பது, வளையத்தைச் சுற்றி வீக்கம், கூட்டருகில் ஆள் நடமாட்டம் அல்லது ட்ரோன், நிற்க முடியாமல் தள்ளாடும் பெரிய பறவை. கடைசியது எலி விஷமாக இருக்கலாம், புறாவிலிருந்து தொற்றும் நோயாகவும் இருக்கலாம். நேரத்தைக் குறித்துக்கொண்டு கேமரா நடத்துபவர்களுக்கு ஒரு முறை எழுதுங்கள். நூறு பேர் நூறு முறை எழுதினால் உண்மையான ஆபத்து அந்தக் குவியலில் மறைந்துபோகும்.

கேமரா தொந்தரவா என்றால், ஒழுங்காக வைத்த கேமரா இல்லை. கூடு வைக்கும் பருவம் தொடங்குமுன் மாட்டி முடித்துவிட வேண்டும். பறவை வந்து பார்க்கும்போது அதுவும் கட்டடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கல்போல இருக்கும். சில வல்லூறுகள் அதன்மேலேயே உட்காரும், கண்ணாடியில் எச்சமிட்டுப் பாதிப் படத்தை மறைத்துவிட்டுப் போகும். முட்டை வைத்த பிறகு அதைத் துடைக்க யாரும் ஏற மாட்டார்கள், நாமும் கேட்கக் கூடாது. பிரிட்டனில் 1981-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி கூட்டிலிருக்கும் பொரி வல்லூறை வேண்டுமென்றே கலைப்பது குற்றம். இரவில் எரிவது அகச்சிவப்பு விளக்கு, அதன் ஒளி பறவைக்குத் தெரியாது. நமக்குத்தான் கறுப்பு வெள்ளையில் கூடு பளிச்சென்று தெரிகிறது, அதன் கண்ணுக்கு அங்கே இருட்டு.

அந்த இரவுக் காட்சி வெறும் வேடிக்கையும் அல்ல. வல்லூறு பகல் வேட்டைக்காரன் என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தார்கள். ஆனால் நகரக் கூடுகளுக்கடியில் பொறுக்கிய மிச்சங்களில், இரவில் மட்டும் வலசை போகிற பறவைகளின் இறகுகள் கிடந்தன. இங்கிலாந்தின் டெர்பி தேவாலயக் கேமராவில் நள்ளிரவில் வல்லூறு இரையோடு வந்து இறங்குவது பதிவானது. நகர விளக்குகள் கீழிருந்து வெளிச்சம் போட, மேலே கடந்து போகும் பறவையின் வயிறு பளபளக்க, இருட்டில் உட்கார்ந்திருக்கும் வல்லூறுக்கு வேட்டை எளிது. லண்டனில் அதன் இரையில் நமக்குத் தெரிந்த செந்தார்ப் பைங்கிளியும் உண்டு. உங்கள் நேரலையில் இரை வரும்போது என்ன பறவை, எத்தனை மணி என்று குறித்து வாருங்கள். இரண்டு மாதத்தில் அந்த ஜோடி எங்கே, எப்போது வேட்டையாடுகிறது என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

பார்க்கும் முறைக்கு என் யோசனை ஒன்று: ஒலியைக் கூட்டி வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். படத்தைவிட ஒலி முன்னால் வரும். ஆண் இரையோடு கோபுரத்தை நெருங்கும்போதே பெண் அலறத் தொடங்கும், அப்போது திரையைத் திருப்பினால் போதும். இரண்டும் தலையைத் தாழ்த்தி ஒன்றையொன்று வணங்கி "ஈச்சப், ஈச்சப்" என்று பேசிக்கொள்ளும்போது எழும் ஒலி உங்களுக்கு இரண்டு வாரத்தில் பழகிவிடும். தவறவிட்டால் பல நேரலைகளில் சில மணி நேரம் பின்னால் ஓட்டிப் பார்க்கலாம்.

இப்போது உங்கள் முட்டைக் கணக்கு. ஈடு நான்கு என்று வைத்துக்கொண்டால் மூன்றாவது முட்டை வந்த நாளைக் குறியுங்கள், அதிலிருந்து 33 முதல் 35 நாள். மூன்றோடு நின்றுவிட்டால் இரண்டாவதிலிருந்து எண்ண வேண்டியிருக்கும். 32-ஆம் நாள் முதல் தாயின் தலையைப் பாருங்கள். அடிக்கடி எழுந்து, கழுத்தை வளைத்து, முட்டைகளுக்குள் காதைக் கொடுப்பதுபோல் நிற்கும். ஓடு உடையுமுன்பே குஞ்சு உள்ளிருந்து கத்தத் தொடங்கியிருக்கும். ஒலிவாங்கி நல்லதாக இருந்தால் உங்களுக்கும் கேட்கும்.

இவை பறந்து போய்ப் பெட்டி காலியானதும் கை பரபரத்தால் தெற்கே திரும்புங்கள். மெல்பர்னில் 367, காலின்ஸ் தெரு என்ற கட்டடத்துக்கு 1991 முதல் பொரி வல்லூறுகள் வருகின்றன. அங்கே வசந்தம் நமக்குத் தலைகீழ், முதல் முட்டை ஆகஸ்ட் கடைசியில் விழும். அதையும் இரண்டு நாள் தனியாக விட்டுவிட்டுத் தாய் ஓரமாகப் போய் நிற்கும்.